கொட்டாவிக்கு நாற்பது வயது

கதைக்காரியின் வீட்டில் தூக்கம் காணாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அவளுடைய தூக்கம் அல்ல. அவள் தலையைச் சாய்த்தால் போதும், தலையணை சூடேறுவதற்குள் கண்ணயர்ந்துவிடுவாள். தூக்கத்தைத் தொலைத்தவர் அவளுடைய கணவர். ஒரு காலத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிற மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரவிலும் தூக்கமில்லை, பகலிலும் இல்லை என்று ஆகிவிட்டது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் சூடாகப் பால் குடிக்கச் சொன்னார். மகள் தொலைபேசியில் கூப்பிட்டு நடக்கச் சொன்னாள். அவர் மூன்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, வயிற்றில் பாலும் காலில் வலியுமாக விழித்திருந்தார்.

"நைட் டூட்டி பாத்த உடம்பு. அப்படித்தான் இருக்கும்" என்று கதைக்காரி ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

அவர் முப்பது வருடம் நகரத்தின் நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவர். காலையில் வீட்டுக்கு வந்து குளித்து, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டு, கூடத்து சோஃபாவில் விழுந்தால் மாலை வரை அசைய மாட்டார். படுக்கையறையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் கூடம். அதே கூடத்தில்தான் சாப்பாட்டு மேசை. அந்த மேசையில்தான் கதைக்காரி குழந்தைகள் வாரப் பத்திரிகைக்குப் படக்கதை எழுதினாள். மேல் மாடியில் குடியிருந்த கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, மதியமானால் மைப்புட்டியும் தூரிகையுமாக இறங்கி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து படம் வரைவார்.

கதையின் நாயகர் பலூன் கேப்டன். முறுக்கிய மீசை, முழங்கால் வரை பூட்ஸ், பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற நெஞ்சு. பெரிய பலூன் ஒன்றில் ஊர் ஊராகப் பறந்து திருடர்களைப் பிடிப்பார், தொலைந்த தீவுகளைக் கண்டுபிடிப்பார். மூன்றாவது கதையில் பலூனின் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. துடிப்பான இளம் மெக்கானிக் என்று கதைக்காரி எழுதிக் கொடுத்தாள். ஓவியர் தூரிகையின் நுனியைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். எதிரே சோஃபாவில் அண்ணன், ஒரு கால் கைப்பிடியின் மேல் கிடக்க, வாய் திறந்திருக்க, சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்க்க, உலகத்தை மறந்து கிடந்தார். ஓவியரின் கை தானாக அதை வரைந்துவிட்டது.

"தம்பி, நான் துடிப்பான ஆளுன்னு எழுதியிருக்கேன்" என்றாள் கதைக்காரி, ரகசியக் குரலில்.

"பாருங்க அண்ணி. எவ்வளவு துடிப்பாத் தூங்கறாரு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு அவள் கதையை மாற்றி எழுதினாள். அப்படிப் பிறந்தவன்தான் கொட்டாவி. துப்பாக்கி வெடிக்கும், புயல் அடிக்கும், கேப்டன் கயிற்றில் தொங்குவார். கொட்டாவி மட்டும் கூடையின் மூலையில் சுருண்டு தூங்குவான். கடைசியில் தப்பி ஓடுகிற திருடன் அவன் காலில் தடுக்கி விழுவான். அவ்வளவுதான் அவனுடைய வேலை. ஆனால் பிள்ளைகள் எழுதிய கடிதங்களில் கேப்டனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கொட்டாவி எழுந்துவிட்டானா, இன்னும் தூங்குகிறானா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

கணவருக்கு இது தெரியாது. தெரிந்தால் மனசு சங்கடப்படும் என்று அண்ணியும் கொழுந்தனும் வாய் திறக்கவில்லை. அவரும் பத்திரிகையைப் பிரித்ததே இல்லை. பொம்மைக் கதையெல்லாம் எனக்கு எதற்கு என்பார். பிறகு பத்திரிகை நின்றது. அதே வருடம் அவரும் ஓய்வு பெற்றார். ஓவியர் நகரத்தின் மறுகோடியில் இருந்த தன் மகள் வீட்டோடு போய்விட்டார். மேசையில் மையும் காகிதமும் போய் உப்புக் குப்பியும் தண்ணீர்ச் செம்பும் மட்டும் மிஞ்சின.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பதிப்பகத்திலிருந்து பதிப்பாசிரியை ஒருத்தி இரண்டு அட்டைப்பெட்டிகளோடு மூன்று மாடி ஏறி வந்தாள். பெட்டிகளில் பழைய இதழ்கள். மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தாள்.

"கொட்டாவிக்கு இந்த வருஷம் நாற்பது வயசு மேடம். ஒரு சிறப்புத் தொகுப்பு போடறோம். எட்டு கதை. நீங்களும் ஓவியர் சாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கணும்."

"அப்ப கேப்டனுக்கும் நாற்பதுதானே? அவர் ரெண்டே வாரம்தான் மூத்தவர்."

"ஆமா மேடம்." ஆசிரியை சற்றுத் தயங்கினாள். "ஆனா அவரை யாரும் கேக்கல."

ஓவியர் மறுநாளிலிருந்து பேருந்து பிடித்து மதியம் வரத் தொடங்கினார். முதல் நாள் இரண்டு பேரும் வேலையே செய்யவில்லை. பழைய இதழ்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். நாற்பது வருடக் காகிதத்தின் வாசனை அறையெங்கும் பரவியது. சன்னல் திரை காற்றில் உப்பி, மெல்ல அடங்கி, மறுபடி உப்பியது. எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியில் பட்ட வெயில் கூரையில் வந்து அசைந்தது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட, எந்த வருடம் எது என்று கதைக்காரிக்குப் பிடிபடாமல் போயிற்று. மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது எழுதிய கதையில் மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய நாற்காலி இருந்தது. இல்லை, அது வேறு நாற்காலியோ என்னவோ. தண்ணீருக்கடியில் நடப்பதைப்போல் இருந்தது அவளுக்கு. கால் வைக்கிற இடம் தெரிகிறது, ஆழம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் சண்டை தொடங்கியது.

"'குடை நகரம்' கதை கண்டிப்பா வேணும் அண்ணி. ரெண்டு பக்கம் முழுக்கக் குடை. ஒவ்வொரு குடைக்கும் ஒவ்வொரு கைப்பிடி. கண்ணு பூத்துப்போய் வரைஞ்சது."

"கதை எங்க இருக்கு தம்பி அதுல? குடைதானே இருக்கு."

"உங்க பேசும் கிணறு மட்டும் என்னவாம்? அதுல கொட்டாவிக்கு நான் கால் மட்டும்தான் வரைஞ்சிருக்கேன்."

"அந்தக் காலாலதான் கதையே நடக்குது."

ஓவியருக்குப் படம் அழகாக இருந்தால் போதும். கதைக்காரிக்கு முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் இவளுடைய முயலுக்குக் காலே கிடையாது. சோஃபாவில் உட்கார்ந்திருந்த கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில், ஒரு மதியம், கதைக்காரி பேசும் கிணற்றுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். ஓவியருக்குக் கதை மறந்துவிட்டது என்றதும் அதை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஊர்க்கிணற்றிலிருந்து குரல் கேட்கிறது, ஊரே நடுங்குகிறது, கேப்டன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். கிணற்றின் பாதியில் ஒரு கதவு. கதவைத் தட்டுகிறார்...

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, சீரான, பழைய தையல் இயந்திரம் ஓடுவதைப்போன்ற குறட்டை.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செய்தித்தாள் தரையில் கிடந்தது. கணவரின் ஒரு கால் சோஃபாவின் கைப்பிடி மேல் ஏறியிருந்தது. வாய் திறந்திருந்தது. இந்தக் காட்சியைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. அவள் உதட்டில் விரலை வைத்து ஓவியரைப் பார்த்தாள். அவரும் கையிலிருந்த இதழை இறகை வைப்பதுபோல் மேசையில் வைத்தார். அறை, ஊசி விழுந்தால் கேட்கிற அளவுக்கு அமைதியானது.

குறட்டை நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலேயே.

"தூங்கலையா நீங்க?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். நீ நிறுத்தினே, முழிப்பு வந்துடுச்சு." கண்ணைத் திறந்தார். "கதவத் தட்டினாரு. அப்புறம்?"

கதைக்காரி ஓவியரைத் திரும்பிப் பார்த்தாள். ஓவியர்தான் கேட்டார்: "அண்ணே, நீங்க இதெல்லாம் கேட்டிருக்கீங்களா?"

"முப்பது வருஷமா வேற என்னத்தக் கேட்டேன்? நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருப்பீங்க. பாதி காதுல விழும், பாதி கனவுல விழும். அதுலேயே தூக்கம் வரும். இப்ப இந்த வீட்டுல என்ன சத்தம் இருக்கு, தூங்கறதுக்கு?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு மெதுவாப் பேசினோங்க" என்றாள் கதைக்காரி.

"அதான். இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசியிருந்தா முடிவெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

பிறகு அவரே, ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதுபோல், "கொட்டாவி நான்தானே" என்றார்.

ஓவியரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன்போல் மைக்கறை இல்லாத கையைத் துடைத்துக்கொண்டார். "யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? பம்ப் ஹவுஸ்ல கூட இருந்தவன் அவன் பொண்ணுக்கு வாங்கின புத்தகத்தக் காட்டினான். காலு என்னோடது. சாக்ஸ் ஓட்டையும் என்னோடது."

"அப்ப ஏங்க இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள் கதைக்காரி.

"சொன்னா நீ மாத்திடுவே. அவனை எழுப்பி விட்டுடுவே." அவர் தலையணையைச் சரி செய்துகொண்டார். "எனக்கு ஒண்ணுதான் புரியாது. கேட்கணும் கேட்கணும்னு நினைப்பேன், அதுக்குள்ள தூங்கிடுவேன். பலூன் நாள் கணக்கா வானத்துல போகுது. ராத்திரி கேப்டன் போர்வையப் போத்திட்டுப் படுத்துடறாரு. அப்ப அடுப்ப யாரு பாத்துக்கறா?"

கணவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, கதவத் தட்டினாரு, சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொன்னாள். குரல் ஏதோ சொல்லிக்கொண்டு போயிற்று, மனம் அதில் இல்லை. கதவு திறப்பதற்குள் தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. கிணற்றுக் கதை முடிந்ததும் மூச்சு விடாமல் அடுத்த இதழைப் பிரித்துப் படித்தாள். வெயில் கூரையிலிருந்து சுவருக்கு இறங்கி, சுவரிலிருந்து தரைக்கு இறங்கும் வரை படித்தாள்.

அதன் பிறகு அவள் பெட்டிகளை வேறு கண்ணோடு பார்த்தாள். ஏறக்குறைய எல்லாக் கதையிலும் நடுவில் ஒரு சிறிய கட்டம் இருந்தது. அதில் 'மறுநாள் காலை' என்று இரண்டு வார்த்தை. அவள் எழுதியதுதான். கேப்டன் பிரம்மாண்டமான சூரியோதயத்துக்கு முன்னால் சோம்பல் முறிப்பார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். கயிறுகள் இறுக்கிக் கட்டியிருக்கும். கெட்டிலில் தேநீர் ஆவி பறக்கும். மூலையில் கொட்டாவி தூங்கிக்கொண்டிருப்பான்.

"தம்பி, இந்த டீயை யாரு போட்டா?"

ஓவியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தெரியல அண்ணி. காலைன்னா டீ இருக்கும்ல. வரைஞ்சுட்டேன்."

"கயிறு?"

"அதுவும் அப்படித்தான்." அவர் இன்னொரு இதழை எடுத்தார். பிறகு இன்னொன்று. "எல்லாத்துலயும் இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில். "நான் பாட்டுக்கு வரைஞ்சிருக்கேன். ராத்திரி பூரா ஒருத்தன் வேலை பாத்த மாதிரியே இருக்கு."

கதைக்காரி சோஃபாவைப் பார்த்தாள். முப்பது வருடம் அவர் மாலையில் கிளம்பிப் போவார், காலையில் வருவார். நடுவில் இருந்ததை அவளும் இரண்டு வார்த்தையில்தான் தாண்டியிருந்தாள். அங்கே என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டதில்லை. தண்ணீர் ஏற்றுகிறார், வேறென்ன.

அன்று அவர் எழுந்ததும் கேட்டாள். முதலில், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார். பிறகு தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நாலு பெரிய மோட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். மூன்றாவதுக்குச் சளி பிடித்தால் எண்ணெய் விட வேண்டும். குழாய்மேல் கையை வைத்தால் தண்ணீர் மேலே ஏறுவது பூனையின் முதுகுபோல் தெரியும். சுவரில் ஒரு வட்டமான அழுத்தமானி. ஊர் அடங்கியபின் அதன் முள் நடுவில் போய் நின்றுவிடும். ஊரே மூச்சு விடாமல் படுத்திருப்பதைப்போல.

"அப்புறம் விடியறதுக்கு முன்னால, முள்ளு ஒரு மயிரிழை ஆடும். எங்கேயோ ஒரு வீட்டுல முதல் குழாயத் திறந்துட்டாங்கன்னு அர்த்தம். யாருன்னு தெரியாது. ஆனா ஒருத்தர் முழிச்சுட்டாங்க. அப்புறம் இன்னொருத்தர். முள்ளு கீழ இறங்கிக்கிட்டே வரும். சரி, எல்லாரும் எழுந்துட்டாங்க, இனி நான் படுக்கலாம்னு வருவேன்."

"என்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லையே."

"நீ கதை சொல்றவ. உன்கிட்டப் போய் முள்ளு ஆடிச்சுன்னா சொல்ல முடியும்?"

ஓவியர் அதற்குள் செய்தித்தாளின் ஓரத்தில் எதையோ கிறுக்கத் தொடங்கியிருந்தார்.

தேர்வு அதன் பிறகு கஷ்டமாக இல்லை. நடுவில் ஓர் இரவு உள்ள கதைகள் மட்டும் என்று முடிவு செய்தார்கள். பேசும் கிணறு ஒரே பகலில் முடிந்துவிடுகிற கதை. கதைக்காரி அதைத் தானே எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள், மனசு வலித்தது. குடை நகரத்தில் இரவு இருந்தது. கதைதான் இல்லை. "இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்று விட்டுக்கொடுத்தாள். ஓவியர் அன்று பேருந்துக்குப் போகும்போது படியில் சீட்டியடித்துக்கொண்டு இறங்கினார்.

பழைய கதைகளில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு கதையின் பின்னாலும் ஓவியர் புதிதாக ஒரு பக்கம் வரைந்தார். அதில் வார்த்தையே கிடையாது. அந்தக் கதையின் அந்த இரவு. கேப்டன் போர்வைக்குள் ஒரு மேடாகத் தெரிவார். கொட்டாவி விழித்திருப்பான். ஒரு பக்கத்தில் அவன் அடுப்பின் சுடரைக் கையால் மறைத்துக் காற்றிலிருந்து காப்பான். ஒன்றில் பலூன் துணியில் பட்ட கிழிசலை நிலா வெளிச்சத்தில் தைப்பான். குடை நகரத்து இரவில், கீழே மடக்கிச் சாத்திய ஆயிரம் குடைகள் தூங்க, அவன் கூடையின் விளிம்பில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கோ தூரத்தில் ஒரே ஒரு சன்னலில் விளக்கு எரியத் தொடங்கும். வரைந்து முடித்ததைக் கணவரிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்தார். "சாக்ஸைத் தைச்சுப் போட்டிருக்கியே" என்றார் தம்பியிடம்.

ஆசிரியை பக்கங்களை வாங்கிக்கொண்டுபோக வந்தாள். முதலில் காகிதச் செலவு, அட்டவணை என்று இழுத்தாள். மேசையருகே நின்றபடியே ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நாலாவது பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், இது முன்னாடியே இருந்த மாதிரி இருக்கு" என்றாள். சோஃபாவிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அவள் திரும்பி, கைப்பிடியின் மேல் கிடந்த காலைப் பார்த்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசாதீங்க" என்றாள் கதைக்காரி. "முழிச்சுடுவாரு."

புத்தகம் வந்த வாரம் ஒரு புத்தகக் கடையில் கையெழுத்து போடக் கூப்பிட்டார்கள். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று கடைக்காரர் நினைத்திருந்தார். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரை போயிற்று. பாதிப் பேர் நரைத்தவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கணவர் கூட்டம் பிடிக்காமல் அகராதி அலமாரிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அலமாரியின் கால்கள் உயரமாக இருந்ததால் சாக்ஸ் ஓட்டையோடு அவர் கால் அடியில் வெளியே தெரிந்தது. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் அந்தக் காலைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் கையை விட்டுவிட்டு அலமாரியைச் சுற்றிப்போய் அவர் எதிரில் நின்றாள்.

"நீங்கதானே கொட்டாவி?"

"ஆமா" என்றார் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக வெளியாளிடம் ஒப்புக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு விட்டுக் காட்டுங்க."

அவர் யோசித்தார். கேட்டுவிட்டாள் குழந்தை. முதலில் சும்மாதான் வாயைத் திறந்தார். ஆனால் திறந்த வாய்க்குள் உண்மையான ஒன்று எங்கிருந்தோ புறப்பட்டு வந்தது. தாடை விரிய, கண்ணில் நீர் கோக்க, தோள் இரண்டும் ஏறி இறங்க, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். சின்னப் பெண்ணும் விட்டாள். அவளைத் தேடி வந்த அம்மா பேச வாய் திறந்து, பேச்சுக்குப் பதில் கொட்டாவியே விட்டாள். அது அலமாரியைச் சுற்றிக்கொண்டு வரிசைக்கு வந்தது. கோட்டு போட்ட ஒருவர் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர் மறைக்கவில்லை. கல்லாவிலிருந்த கடைக்காரர், ஆசிரியை, ஓவியர் என்று ஒவ்வொருவராகப் போயிற்று. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, ஒன்றும் புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்வரை அது நடந்து போவது தெரிந்தது. தெருவில் மதியம் மெத்தென்று இறங்கிக்கொண்டிருந்தது.

கதைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். எதிரே ஒரு வாசகர் புத்தகத்தை நீட்டியபடி நிற்கிறார், மரியாதையாக இருக்க வேண்டாமா? பேனாவைக் காகிதத்தில் வைத்தாள். பெயரின் முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் அவளுக்கும் வந்துவிட்டது. அவள் பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, வாய் நிறைய விட்டாள்.